வெயிலுக்கும் ஆமைக்கும் நடுவில்

என் மனைவி பொய் சொல்லமாட்டாள். இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருடம் எடுத்தது. அதுவரைக்கும் அது எனக்கு ஒரு தலையிடியாகத்தான் இருந்தது. பிக்கரிங்கில் ஒரு வீடு குடிபுகுதலுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா வாயெல்லாம் பல்லாக நின்று "வீடு எப்பிடி?" என்று கேட்டார். இவள் "வடிவாத்தான் இருக்கு, ஆனா குசினிக்கு வெளிச்சம் காணாது" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடித்தாள். காரில் வரும்போது நான் குதித்தேன். "கேட்டவா, சொன்னன்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய விளக்கம்.

அவள் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது என்று நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. போன மாரிக் குளிரில் அங்கே இடுப்பு எலும்பு முறிந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. அவருக்கு என்று இருந்தது ஒரு பெட்டி ஆமை மட்டும்தான். ஆபத்து என்றால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, அடியோட்டை மூடி, பூட்டிய பெட்டி மாதிரி ஆகிவிடும் தரை ஆமை அது. எங்கள் கலியாணத்தை விட அதற்கு வயது கூட. இல்லத்தில் பிராணிகளுக்கு இடமில்லை. வீட்டை விற்கும்போது அவருடைய மருமகள் முறையான ஒருத்தி ஆமையின் கூட்டையும் லைற்றுகளையும் கராஜ் சாமான்களோடு தள்ளிவிட்டாள். ஆமை மட்டும் உடுப்புக் கூடைக்குள் மிஞ்சி நின்றது.

ஒரு மார்ச் மாத மாலை மனைவி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். நாளைக்கு ஆமை வருது."

எங்கள் ஆட்களில் பலர் ஆமை வீட்டுக்கு ஆகாது என்று நம்புவார்கள். எனக்கு அந்தப் பயம் துளியும் கிடையாது. ஆனால் ஆபத்துக்கு உதவும் என்று அதை எடுத்துவிட்டேன்.

"ஆமை வீட்டுக்குள்ள வந்தாத் துலையும் எண்டெல்லோ சொல்லுறவை?"

அவள் சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் எப்ப சைவ சமயத்துக்கு மாறினீங்கள்?" என்றாள்.

ஆமை வந்தது. உயரமாக வளைந்த ஓடு, அதில் மஞ்சள் கீறல்கள், சிவந்த கண்கள். அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது, எங்கள் வாயில் அது ஒட்டவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து "ஐயா" என்றே கூப்பிட்டோம். மூதாட்டி அதைக் கொடுக்கும்போது கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் அவன் சாப்பிட்டானா என்று தனக்குச் சொல்லவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் அவர் தன்னுடைய காலைச் சாப்பாட்டில் கைவைப்பாராம். இல்லை என்றால் கோப்பையைத் தள்ளிவிடுவார். வந்த நாளிலிருந்து அவர் மெலிந்துகொண்டே போனதால், இல்லத்தில் எல்லோருக்கும் அது ஒரு கவலையாக இருந்தது.

சூடும் வெளிச்சமும் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துவதுதான் என் தொழில். இருபது வருடமாகப் பிறர் வீட்டு வெக்கையோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு ஆமை எம்மாத்திரம்? ஊர்வன விற்கும் கடைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் முதலில் ஒரு சூடேறும் கல்லைக் காட்டினாள். ஆமை அதன்மேல் படுத்துக்கொள்ளுமாம். நான் அதைக் கையாலும் தொடவில்லை. சூரியன் நிலத்துக்குள் இருந்தா காய்கிறது? ஓட்டுக்கு மேலிருந்து வரவேண்டிய வெக்கையை வயிற்றுக்குக் கீழே வைத்தால், ஐயா தோசை மாதிரி ஒரு பக்கம் கருகிப்போவார். சிவப்பு பல்பையும் வேண்டாம் என்றேன். இராத்திரிக்கு வெளிச்சம் தராமல் வெக்கை மட்டும் தரும் பீங்கான் உருளை, அதைத் தாங்கப் பீங்கான் பிடி, பகலுக்கு வெயில் காய ஒரு பல்ப், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாற், காலையில் போட்டு மாலையில் நிறுத்த ஒரு டைமர் என்று பொறுக்கி எடுத்தேன். கடைசியாக ஒரு நீளமான ரியூப் லைற். சூரியனில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அதிலிருந்து வருமாம். அந்தக் கதிர் மேலே படாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது, ஆமை மெல்ல மெல்ல இளகிப்போகும் என்றாள் அந்தப் பெண். நான் தலையாட்டினேன். என் கவனம் முழுக்கத் தெர்மோஸ்டாற்றில் இருந்தது.

கராஜில் பலகை அறுத்து, கட்டில் பாதியளவுக்கு ஒரு தட்டையான பெட்டி அடித்தேன். உள்ளே மண்ணும் தென்னந்தும்பும் காய்ந்த இலையும் போட்டு, ஒரு மூலையில் தண்ணீர்த் தட்டு வைத்தோம். பேஸ்மென்றில் வைக்கலாம் என்றேன். கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும் என்று மனைவி சொன்னதால், குசினியை ஒட்டிய இருப்பறையில், ஜன்னலோரமாக வைத்தோம்.

சூடு விஷயத்தில் ஐயா எனக்கு ஒரு புதுக் கணக்கு வைத்தார். "ஒரு அறை வேகுது, மற்ற அறை குளிருது, வந்து பாருங்கோ" என்பதுதான் வழக்கமாக எனக்கு வரும் முறைப்பாடு. வீடு முழுக்க ஒரே சூடு வரப் பண்ணிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆமைக்கு அது தலைகீழ். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கமுடியாத பிராணிக்கு, ஒரு கரை முப்பது பாகை, மறுகரை இருபத்திரண்டு, நடுவில் படிப்படியாக எல்லாம் வேண்டும். நான் காலமெல்லாம் திருத்திவந்த பிழையை இங்கே வேண்டுமென்றே உண்டாக்கவேண்டியிருந்தது. பல்பை ஒரு அங்குலம் ஏற்றி, அரை அங்குலம் இறக்கி, சூடு பார்க்கும் துப்பாக்கியால் மண்ணைச் சுட்டுச் சுட்டு, இரண்டு நாள் மினக்கெட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஐயா வெயில் மூலையில் நாற்பது நிமிடம் காய்ந்தார். பிறகு எழுந்து, அவசரமில்லாமல் நடந்து, சரியாக இருபத்தைந்து பாகை இருந்த இடத்தில் மண்ணைக் கிளறிப் படுத்தார். கருவி இல்லாமல், கணக்கு இல்லாமல். நான் பார்த்த எந்தத் தெர்மோஸ்டாற்றும் அவ்வளவு துல்லியம் இல்லை. அன்றைக்கு எனக்கு அந்தப் பிராணிமேல் மரியாதை வந்துவிட்டது.

முதல் இரண்டு கிழமை ஐயா நன்றாகச் சாப்பிட்டார். புழு, ஸ்ட்ரோபெரி, அவித்த பூசணி எல்லாம் போனது. மனைவி வேலைத்தலத்தில் செய்வதுபோலவே அவருக்கும் ஒரு தாள் தொடங்கினாள். இல்லத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு சாப்பிட்டார், எங்கே இருந்தார், எப்போது படுத்தார் என்று நேரம்போட்டு எழுதவேண்டும். முழுதும், அரை, கால், இல்லை என்று நாலே நாலு அளவு. அந்தத் தாளைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். காலை வேலைக்குப் போகமுன் ஒன்று, வந்தவுடன் ஒன்று, படுக்கமுன் ஒன்று. அவள் இல்லாத நேரம் நான் எழுதவேண்டும். ஒருநாள் பார்க்காமலே "அரை" என்று எழுதிவிட்டேன். எப்படியோ பிடித்துவிட்டாள். "தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதுங்கோ" என்றாள். நான் முணுமுணுத்துக்கொண்டு வெட்டினேன்.

ஏப்ரலில் "முழுதும்" மறைந்தது. பிறகு "அரை" போனது. மாதக் கடைசியில் தாள் முழுக்க "இல்லை, இல்லை, இல்லை" என்று இருந்தது. ஐயா மூலையில் மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தார். தூக்கினால் கால்களில் முன்பிருந்த உதைப்பு இல்லை.

ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு மெலிகிறது, நிறையும் குறைந்துவிட்டது என்றார். என்ன லைற், என்ன நீளம், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனைவி எல்லாவற்றுக்கும் தாளைப் பார்த்துப் பதில் சொன்னாள். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர் நெற்றியைத் தடவினார். சுண்ணாம்புச் சத்து மருந்து தந்தார். மூன்று கிழமைக்குள் வாய் வைக்காவிட்டால் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்கவேண்டும், இந்த வயதில் அதைத் தாங்குமா என்று சொல்லமுடியாது என்றார்.

மனைவி அடுத்தநாள் மூதாட்டியிடம் அதை அப்படியே சொன்னாள். மூதாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீர் என்ன மனிசி? சாப்பிட்டிட்டான் எண்டு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போவீர்? அந்தக் கிழவியாவது நாலு வாய் சாப்பிடுமெல்லே!"

"நாளைக்கு உண்மையாவே சாப்பிட்டா, அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டாள் அவள்.

அப்போது அது எனக்கு வெறும் விதண்டாவாதமாகப் பட்டது. கதவை அடித்துச் சாத்திவிட்டுக் கராஜுக்குப் போனேன்.

மே மாதத்தில் வெயில் ஏறியது. லீவு நாட்களில் மனைவி ஐயாவைப் பின்பக்க டெக்குக்கு, அந்தத் திறந்த பலகைத் திண்ணைக்குக் கொண்டுபோய், ஒரு தட்டிக்குள் விட்டு, பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருப்பாள். பாதிக்கு நிழல், பாதிக்கு வெயில். வேலை நாட்களில் அவர் வழக்கம்போல ஜன்னலோரப் பெட்டியில் கிடப்பார். ஜன்னலால் வரும் வெயில் மத்தியானம் முழுக்க அவர் முதுகில்தான் விழும்.

ஒரு ஞாயிறு, பூசையால் வந்து சாப்பிட்டு முடிந்த கையோடு, அவள் தாள்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். பேனையால் சில நாட்களைச் சுற்றி வட்டம் போட்டாள். நான் ரிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சை வாங்கோ. டெக்கில விட்ட நாளும் அடுத்த நாளும் ஏதோ கொறிச்சிருக்கிறார். ஒருக்கா 'கால்' கூட இருக்கு. ஜன்னல் வெயில் நாளில ஒண்டுமில்லை."

"வெளிக்காத்துப் பட்டிருக்கும்" என்றேன்.

"டெக்கில காத்தில்லாத நாளும் சாப்பிட்டிருக்கிறார். வெக்கை ரெண்டிடத்திலயும் ஒண்டுதான், நீங்கள்தான் அளந்து எழுதியிருக்கிறியள். உள்ள விழுறதும் வெயில், வெளியில விழுறதும் வெயில். நடுவில என்ன இருக்கு?"

"என்ன இருக்கு? ஜன்னல் கண்ணாடி."

சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது. எழுந்து போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டு, கழுத்தைத் திருப்பி, ரியூப் லைற்றைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"உதென்னப்பா?"

அது என் கைவண்ணம். எங்கள் வீடுகளில் விலைகொடுத்து வாங்கிய எதுவும் வெறும் மேலோடு இருப்பதில்லை. ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை, சோபாவுக்கு விரிப்பு, சாப்பாட்டு மேசைக்கு மொத்தமான கண்ணாடிப் பிளாஸ்ரிக். அந்த ரியூப் லைற் கடையிலேயே விலை கூடிய சாமான். பக்கத்தில் குசினி, கிழமைக்கு இரண்டு தரம் மீன் பொரிக்கிறோம், எண்ணெய்ப் புகை போய்ப் படிந்தால் லைற் நாசமாகிவிடும் என்று, மேசைக்கு வெட்டியதில் மிஞ்சிய பிளாஸ்ரிக் துண்டை அளவாக வெட்டி, சுருக்கமில்லாமல் இழுத்து, லைற்றின் அடிப்பக்கம் முழுக்க மூடி ஒட்டியிருந்தேன். வெக்கை பல்புக்குப் போடவில்லை. அது உருகும் என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. வெளிச்சம் குறையவே இல்லை, அவ்வளவு வடிவாகச் செய்திருந்தேன். வைத்தியர் அத்தனை கேள்வி கேட்டார். இதை மட்டும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றும்?

லைற் வந்த பெட்டியையும் நான் எறியவில்லை. எங்கள் வீட்டில் பெட்டிகளையும் எறிவதில்லை. அவள் அதை எடுத்துவரச் சொன்னாள். உள்ளே மடித்த தாளில், லைற்றுக்கும் பிராணிக்கும் இடையில் கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ இருக்கக்கூடாது, அந்தக் கதிரை அவை தடுத்துவிடும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை. நான் இரண்டிலும் வாசிக்கவில்லை.

என் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு மாதமாக அந்தச் சீவன் லைற்றுக்குக் கீழே, லைற் இல்லாமல் கிடந்திருக்கிறது. சுண்ணாம்பைத் தின்றும் சேராமல், உள்ளுக்குள்ளே இளகிக்கொண்டு. அதைச் செய்தது என் கை. பிளாஸ்ரிக்கை ஒரே இழுப்பில் பிய்த்து எடுத்தேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ பேனையை எடுத்துத் தாளில் எழுதினாள்: "3.20, பிளாஸ்ரிக் எடுத்தாச்சு." யார் போட்டது என்று எழுதவில்லை. பிறகு வைத்தியரின் இடத்துக்கு ஃபோன் எடுத்து, தகவலைப் பதிந்து வைத்தாள்.

நான் அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பெரிய படிப்பில்லை. லைற்றுக்குள் என்ன கதிர் ஓடுகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கண்டதை மட்டும் எழுதி, காணாததைக் காணவில்லை என்று எழுதி, அந்த நாலு சொல்லை வைத்தே வைத்தியருக்கும் பிடிபடாததைப் பிடித்துவிட்டாள். என்னைப்போல ஒருநாள் "அரை" என்று சும்மா எழுதியிருந்தால், அந்த வட்டங்கள் ஒன்றும் விழுந்திருக்காது.

பத்து நாள் மழை, டெக்குக்கும் வழியில்லை, ஒன்றும் நடக்கவில்லை. தாளில் "இல்லை." இல்லத்தில் "இல்லை." பதினோராம் நாள் ஐயா லைற்றுக்கு நேர் கீழே வந்து, கழுத்தையும் நாலு காலையும் வெளியே நீட்டி, கடற்கரையில் படுத்தவர்போலக் கிடந்தார். அடுத்தநாள் காலை வேலைக்குப் போகமுன் மனைவி ஒரு புழுவை வைத்தாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு எட்டு வைத்தார். பிறகு லபக்கென்று கவ்வினார். ஒரு ஸ்ட்ரோபெரியும் பாதி போனது. மனைவி சேலைத் தலைப்பு இல்லாத குறைக்கு வேலைச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். நான் எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்தேன்.

அன்று நானே அவளைக் காரில் கொண்டுபோனேன். மோர்னிங்சைட் வீதியைத் தாண்டும்போது மெல்லத் தொடங்கினேன்.

"கிழவி என்ன பிழை எண்டு கேட்டா, லைற் பழுது எண்டு நீர் சொல்லும். என்ர பேர் என்னத்துக்கு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் சும்மா இருந்தால் அது "மாட்டன்" என்று அர்த்தம்.

மூதாட்டி கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் நினைத்ததை விடச் சின்ன ஆள். முன்னால் தட்டில் ஓட்ஸ் கஞ்சி தொடாமல் இருந்தது. மனைவி உள்ளே காலடி வைக்கமுன்பே கேள்வி வந்தது. சாப்பிட்டான், ஒரு முழுப் புழுவும் அரை ஸ்ட்ரோபெரியும் என்றாள் மனைவி.

நான் வீடியோவை ஆயத்தமாக வைத்துக்கொண்டு ஃபோனை நீட்டினேன். மூதாட்டி அதைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக, கொறித்த நாளைக் கொறித்தான் என்றும் மற்ற நாளெல்லாம் இல்லை என்றும் சொன்ன வாய் இன்றைக்கு ஓம் என்கிறது. அவருக்கு அது போதும். கன்னத்தால் கண்ணீர் இறங்க, சிரித்தார்.

நாளைக்கு உண்மையாகவே சாப்பிட்டால் என்னத்தைச் சொல்வது என்று அவள் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என்ன பிழை இருந்தது என்று மூதாட்டி கேட்டார். மனைவி என் பக்கம் திரும்பவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றாள். லைற் பழுது என்று நானே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"நான்தான்" என்றேன். லைற் பழுதாகக்கூடாது என்று பிளாஸ்ரிக் போட்டு மூடியதையும், லைற் பெட்டியில் இருந்த தாளை வாசிக்காததையும், இரண்டு மாதத்தையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிமுடித்தேன். மூதாட்டி என்னை நெடுநேரம் பார்த்தார். பஸ்ஸில் ஏறிய ஆளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரு பார்வை. திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

எடுத்துவிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

எடுத்துவிட்டேன் என்றேன்.

அதற்கும் அவர் படம் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, தட்டைக் கிட்ட இழுத்து, கரண்டியைத் தேடினார். கஞ்சி ஆறிப்போயிருந்தது. மனைவி சூடாக்கித் தருகிறேன் என்று கை நீட்ட, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே சாப்பிடத் தொடங்கினார்.